பாலியூரித்தேன் பேட்ச் திரிந்துபோனால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு ஷெட்டில், 200 லிட்டர் கெட்டிலில் நீர்வழி பாலியூரித்தேன் காய்ச்சுகிறோம். ஒரு வகை மரக்கதவுப் பூச்சுக்குப் போகிறது. இன்னொன்று வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் மெருகுக்கு. புதிதாகச் சேர்ந்த பையன்கள் இரவு 11 மணிக்குக் கைபேசியில் கேட்கும் கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் முறை இதுதான். ஐசோபோரோன் டைஐசோசயனேட் (ஐ.பி.டி.ஐ.), 2000 மூலக்கூறு எடையுள்ள பாலிஈத்தர் பாலியால், டைமெத்திலால் புரோப்பியானிக் அமிலம் (டி.எம்.பி.ஏ.) மூன்றையும் 80 முதல் 90 டிகிரியில் வினைப்படுத்திப் பிரீபாலிமர் (பாதி வினை முடிந்த இடைநிலை ரெசின்) செய்கிறோம். அதை ட்ரைஎத்தில்அமீன் (டி.இ.ஏ.) கொண்டு நடுநிலையாக்கித் தண்ணீரில் நுண்துகள்களாகப் பிரிக்கிறோம். கடைசியில் எத்திலீன்டைஅமீன் (இ.டி.ஏ.) விட்டுச் சங்கிலியை நீட்டுகிறோம். வேறு முறையில் செய்பவர்களுக்கு எண்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில். எதைத் தொடும் முன்பும் கரிம ஆவி வடிப்பான் உள்ள முகக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. ஐசோசயனேட் ஒருமுறை நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால், பிறகு துளி ஆவிக்கே மூச்சு இழுக்கும். அப்படி இழுக்கும் ஆளை அன்றே வேலையிலிருந்து விலக்கி மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘ஐசோசயனேட்’ என்ற சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். இல்லாவிட்டால் தூசி ஒவ்வாமை என்று மாத்திரையோடு திரும்பி வந்துவிடுவார்.

அறிகுறி 1: கெட்டிலில் பிரீபாலிமர் கெட்டிப்படுகிறது, கிளறி திணறுகிறது

காரணம் தேடுவது அப்புறம். முதலில் சூட்டை நிறுத்தி, ஜாக்கெட்டில் குளிர்நீரைத் திறந்துவிடுங்கள். 50 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு உலர்ந்த அசிட்டோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தளர்த்துங்கள். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் சூடான கெட்டிலில் ஊற்றக் கூடாது. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இளகி ஓடும்போதே அடி வால்வைத் திறந்து இறக்கிவிடுவது நல்லது. சேமித்துவிடலாம் என்று கால்மணி நேரம் யோசித்தவர்கள், பிறகு இரண்டு நாள் உளி பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி காரணங்கள்.

வெப்பமானி. கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இது தெரியாமல், 97 காட்டிய நல்ல வெப்பமானியை ‘3 டிகிரி குறைவு’ என்று திருத்தி வைத்த ஆள் எங்கள் ஷெட்டிலேயே உண்டு. தர்மபுரி தாழ்வு என்பதால் அங்கே 98க்கு மேல் வரும்.

எடை. ஐ.பி.டி.ஐ. குறைந்தால் சங்கிலி நீண்டு தடிக்கும். காலி டிரம்மைத் திரும்ப எடை போட்டு, பதிவேட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

பாலியாலில் ஈரம். எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி இதுதான். 18 கிராம் தண்ணீர் 222 கிராம் ஐ.பி.டி.ஐ.யைத் தின்றுவிடும். 60 கிலோ பாலியாலில் 0.2 சதவீதம் ஈரம் என்றால் 120 கிராம் தண்ணீர். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஐ.பி.டி.ஐ. கணக்கில் இல்லாமல் காணாமல் போகிறது. 105 முதல் 110 டிகிரியில் வெற்றிடம் வைத்து 2 மணி நேரம் உலர்த்துங்கள். பார்வைக் கண்ணாடியில் குமிழி அடங்கியதை மட்டும் நம்பாமல், ஈரம் அளக்கும் கார்ல் ஃபிஷர் சோதனையில் 0.05 சதவீதத்துக்குக் கீழே வந்ததைப் பார்த்து எழுதி வையுங்கள்.

வினையூக்கி. வெள்ளீய (டின்) வினையூக்கியைச் சொட்டுக் கணக்கில் விடுவது சூதாட்டம். உலர்ந்த கரைப்பானில் 10 சதவீதக் கரைசலாக்கி எடை போட்டு விடுங்கள்.

பாலியால் லாட். ஹைட்ராக்சில் மதிப்பு மாறியிருக்கலாம், காரம் மிச்சமிருக்கலாம். புது லாட் வந்தால் அரைக்கிலோ குடுவையில் சோதித்துவிட்டுக் கெட்டிலுக்குப் போங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: கெட்டிலுக்குள்ளேயே உறைந்துவிட்டால் ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஆவியும் காற்றின்மையும் சேர்ந்த மூடிய இடம் அது. கலன் சுத்தம் செய்யும் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள். உறைந்ததைச் செதுக்குவதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அறிகுறி 2: என்.சி.ஓ. எண் கணக்கோடு ஒத்துவரவில்லை

என்.சி.ஓ. என்பது வினைபுரியாமல் மிஞ்சிய ஐசோசயனேட் முனைகள்; எடையில் அவற்றின் சதவீதம்தான் இந்த எண். கணக்கை விடக் குறைவு என்றால், பேட்ச்சைச் சந்தேகப்படும் முன் டைட்ரேஷனைச் சந்தேகப்படுங்கள். டைபியூட்டைல்அமீன் கரைசல் பழசானால் வெற்று அளவீடு (மாதிரி போடாமல் செய்வது) போன வாரத்திலிருந்து நகர்ந்திருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் நார்மாலிட்டியைத் திரும்பக் கணியுங்கள். மாதிரியை அமீனோடு 15 நிமிடமாவது வைத்தீர்களா, புரோமோபீனால் நீலம் மஞ்சளான சொட்டோடு நிறுத்தினீர்களா? வெற்று அளவீட்டிலிருந்து மாதிரி அளவீட்டைக் கழித்து, நார்மாலிட்டியாலும் 4.2ஆலும் பெருக்கி, மாதிரியின் கிராம் எடையால் வகுக்க வேண்டும். இவ்வளவும் சரி என்றால்தான் ஈரத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

கணக்கை விட அதிகமாகவே நிற்கிறது என்றால் வினை முடியவில்லை. பெரும்பாலும் டி.எம்.பி.ஏ. கரையாமல் கிடக்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, குழல்விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். தேனில் ரவை விழுந்தாற்போல் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். அடுத்த முறை டி.எம்.பி.ஏ.யை நன்றாகப் பொடித்து, சலித்து, உலர்த்திப் போடுங்கள். முன்பு என்.எம்.பி. (என்-மெத்தில் பைரோலிடோன்) கரைப்பானில் சுலபமாகக் கரைத்தோம். கருவுக்குக் கேடு என்பதால் வாங்குபவர்கள் இப்போது அதை ஏற்பதில்லை. டி.எம்.பி.ஏ.க்குப் பதிலாக அதைவிட நன்றாகக் கரையும் டைமெத்திலால் பியூட்டனாயிக் அமிலத்துக்கு மாறலாம், விலை கூடும்.

அறிகுறி 3: தண்ணீரில் விட்டதும் திரிகிறது, சல்லடையில் கட்டி நிற்கிறது

இந்த மாவட்டத்தில் இதைத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, காரணம் எங்கள் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் பேட்ச்சைக் கெடுப்பது ஃபுளோரைடு அல்ல, அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். துகள்களைத் தண்ணீரில் தனித்தனியாக நிறுத்தி வைப்பது டி.எம்.பி.ஏ. தந்த கார்பாக்சிலேட்டின் எதிர்மின்னூட்டம். கால்சியம் வந்து அதைப் பிடித்துக்கொண்டால் பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் போர்வெல் தண்ணீரை விடத் தேவலை, ஆனாலும் நேராக ஊற்ற லாயக்கில்லை.

முதல் சோதனைக்குச் செலவு அதிகமில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்குங்கள். நடுநிலையாக்கிய பிரீபாலிமரை 50 கிராம் வீதம் இரண்டு பீக்கரில் எடுத்து, ஒன்றில் இந்தத் தண்ணீரையும் இன்னொன்றில் உங்கள் ஆர்.ஓ. தண்ணீரையும் ஒரே வேகத்தில் கலக்குங்கள்.

பாட்டில் தண்ணீரில் நன்றாக வந்து ஆர்.ஓ.வில் திரிந்தால், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுங்கள். 10க்குக் கீழே இருக்க வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் 1,180 காட்டும். மெம்பிரேன் களைத்துப்போன ஒரு மாதத்தில் ஆர்.ஓ.வே 140 காட்டியது, பார்த்தவர் யாரும் இல்லை. மெம்பிரேன் மாற்றுவது, அதற்குப் பின்னால் ஒரு டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசின் குடுவை வைப்பது இரண்டும் உங்கள் ஆர்.ஓ. மெக்கானிக்கின் வேலை.

மீட்டர் 6 காட்டியும் கட்டி வந்தது ஒரு சித்திரையில். மூன்று பேட்ச் போயிற்று. நான்காவது பேட்ச்சுக்குக் காலையிலிருந்து கெட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் 38 டிகிரி. சூட்டைத் தணிக்க உதவியாளர் ஒரு சாக்கில் ஐஸ் கொண்டுவந்து கொட்டினார். ‘எங்கே வாங்கினாய்?’ ‘பஸ் நிலையத்துக்குப் பின்னால், மீன் கடைக்குப் போடும் ஐஸ்தான் சார்.’ ஒரு துண்டை டம்ளரில் கரைத்து மீட்டரை விட்டால் 900க்கு மேல். அவரைத் திட்ட வாய் வரவில்லை, தண்ணீரைக் குளிர வை என்று சொன்னது நான். அன்றிலிருந்து ஆர்.ஓ. தண்ணீரையே கேன்களில் உறைய வைத்துப் போடுகிறோம்.

இரண்டு பீக்கரும் திரிந்தால் குற்றம் தண்ணீரில் இல்லை. இவற்றைப் பாருங்கள்:

டி.இ.ஏ. போதவில்லை. 1 கிலோ டி.எம்.பி.ஏ.க்குச் சுமார் 750 கிராம் வேண்டும். டி.இ.ஏ. 89 டிகிரியில் கொதிப்பது; பிரீபாலிமர் 70 டிகிரியில் இருக்கும்போது ஊற்றினால் பாதி ஆவியாகி உங்கள் மூக்குக்குத்தான் போகும். 50, 55 டிகிரிக்கு இறக்கி விடுங்கள். பாட்டில் மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

இ.டி.ஏ.யை அடர்த்தியாக ஊற்றியது. விழுந்த இடத்திலேயே வினை பொசுக்கென்று முடிந்து, மெல்லிய தோல் சுற்றிய ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் வரும். விரலில் நசுக்கினால் உள்ளே பசை. 10 சதவீதக் கரைசலாக்கி, 20 முதல் 30 நிமிடத்தில் மெல்லிய தாரையாக விடுங்கள். அளவு: மிச்சமுள்ள என்.சி.ஓ.வில் 80 முதல் 90 சதவீதத்துக்கு ஈடாக. 100 கிலோ பிரீபாலிமரில் 3 சதவீதம் என்.சி.ஓ. இருந்தால் முழு ஈடு 2.14 கிலோ, நாங்கள் 1.8 கிலோவைத் தாண்டுவதில்லை.

கிளறியின் வேகம் குறைவு, அல்லது பிரீபாலிமர் மிகவும் தடிப்பு. அசிட்டோன் விட்டு இளக்கலாம், ஆனால் பிறகு அதை வெற்றிடத்தில் இழுத்தாக வேண்டும். வேகம் கூட்ட பிளேடு மாற்றுவதும் மோட்டார் மாற்றுவதும் பெரிய செலவு. மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகுதான்.

அறிகுறி 4: நீலச் சாயல் இல்லை, வெறும் பால் வெள்ளை, இரண்டு நாளில் அடியில் படிகிறது

துகள் பெரிதாகிவிட்டது. நல்ல பேட்ச்சைக் கண்ணாடிக் குழாயில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் நீலம் தட்டும். பி.எச். 7.5க்குக் கீழே இருந்தால் டி.இ.ஏ. குறைவு, கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம், ஆனால் ஏற்கெனவே பெரிதான துகள் அதனால் சிறிதாகாது, அடுத்த பேட்ச்தான் திருந்தும். பி.எச். சரி என்றால் டி.எம்.பி.ஏ. அளவை அரை சதவீதம் ஏற்றுங்கள். சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் 3,000 சுற்றில் 15 நிமிடம். அடியில் ஒன்றும் தங்காவிட்டால் ஆறு மாதம் தாங்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். துகள் அளவை எண்ணாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சென்னை கிண்டியில் உள்ள சிபெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

அறிகுறி 5: நுரை அடங்கவில்லை, டிரம் உப்புகிறது

நுரையில் இரண்டு வகை. கிளறியதால் வந்த காற்று நுரை கிளறியை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் உடையும். உடைய மறுத்து, கீழிருந்து பொடிக்குமிழி வந்துகொண்டே இருந்தால் அது கார்பன் டை ஆக்சைடு: தண்ணீரோடு வினைபுரியும் மிச்ச என்.சி.ஓ. இதற்கு நுரைத்தடுப்பான் ஊற்றுவது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுவது போன்றது. இ.டி.ஏ. கணக்கைப் பாருங்கள், பிரித்தபோது வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனதா பாருங்கள்.

குறைத்து மதிப்பிடக் கூடாத கணக்கு ஒன்று உண்டு. 100 கிலோ பிரீபாலிமரில் அரை சதவீதம் என்.சி.ஓ. மிச்சமிருந்தால் வெளிவரும் வாயு ஏறக்குறைய 145 லிட்டர். அதை மூடிய டிரம்முக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் இரவில் டிரம் பேசும். பேட்ச் முடிந்து குறைந்தது 24 மணி நேரம் மூடியைத் தளர்வாக வையுங்கள். அதற்கு மேலும் குமிழி வந்தால் இன்னும் ஒரு நாள்.

லேசாக உப்பிய டிரம்மை நிழலில் வைத்து, முகத்தைத் திருப்பி, துணியைப் போட்டுச் சின்ன மூடியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ‘உஸ்’ ஓயும்வரை அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்.

மேலும் கீழும் வளைந்து டிரம் ஆடத் தொடங்கிவிட்டாலோ, உப்பியது ஐசோசயனேட் டிரம்மாக இருந்தாலோ கிட்டே போக வேண்டாம். ஆட்களை வெளியேற்றி 101ஐக் கூப்பிடுங்கள், பொருள் தந்தவருக்கும் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஐசோசயனேட் டிரம்மை நிற்க வைத்தால் மேல் மூடியில் தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் கூரைக்குக் கீழேயே வையுங்கள்.

அறிகுறி 6: கூழ் போல் தடித்துவிட்டது

அன்றே தடித்தால் டி.இ.ஏ. கூடிப்போயிருக்கும் அல்லது துகள் மிகச் சிறிதாகியிருக்கும், பி.எச். 9க்கு மேல் காட்டும். சுத்தத் தண்ணீர் விட்டுத் திடப்பொருள் அளவை 2 சதவீதம் இறக்கினாலே பெரும்பாலும் இளகிவிடும். கிடங்கில் ஒரு மாதம் கழித்துத் தடித்தால் பி.எச். இறங்கியிருக்கும்: மூடி சரியில்லாமல் டி.இ.ஏ. பறந்தது, அல்லது நீங்கள் பாலியெஸ்டர் பாலியால் போட்டிருந்தால் அது தண்ணீரில் சிதைகிறது. முன்னதற்கு டி.இ.ஏ. சேர்க்கலாம். பின்னதற்கு மருந்து இல்லை, பாலிஈத்தருக்கு மாற வேண்டும். இரும்பு டிரம்மில் வைத்துச் செம்மஞ்சள் நிறம் ஏறியிருந்தால் பிளாஸ்டிக் டிரம்முக்கு மாறுங்கள்.

அறிகுறி 7: படலம் சரியில்லை

படலத்தைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றுங்கள். தகட்டை ஒரு கருப்புப் பரப்பின் மேல் வைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்ட கருப்புத் துண்டு ஒன்றைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். மட்டமாக இருக்கும், வெளுப்பு பளிச்சென்று தெரியும்.

*விரிசல், மாவு மாதிரி உதிர்வு.* மார்கழிக் காலையில் ஓசூர் ஷெட்டில் 15 டிகிரி. படலம் சேரத் தேவையான குறைந்தபட்ச வெப்பத்துக்கு அது கீழே இருந்தால் துகள்கள் ஒட்டாது. தகட்டை 30 டிகிரி அறையில் காயவிட்டுப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் ரெசினில் குற்றமில்லை. கிளைக்கால் ஈத்தர் வகைக் கரைப்பான் 2 முதல் 5 சதவீதம் சேர்த்தால் குளிரிலும் சேரும்.

*குமிழிக் கண்கள்.* இது நேர்மாறு. தர்மபுரி வெயிலில் மேல்தோல் முந்திக் காய்ந்து உள்ளே தண்ணீர் சிறைப்படுகிறது. மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள், நண்பகலில் அடிக்காதீர்கள். நடுவில் குழிந்த மீன்கண் மாதிரி இருந்தால் எண்ணெய் அல்லது சிலிக்கோன். கம்ப்ரசர் குழாயை வெள்ளைத் தாளில் ஊதிப் பாருங்கள். கறை விழுந்தால் காரணம் அங்கேயே.

*ஒட்டும் தன்மை போகவில்லை.* நான்கு நாள் பொறுங்கள். பிறகும் ஒட்டினால் கொதிநிலை அதிகமான கரைப்பான் மிச்சம், அல்லது இ.டி.ஏ. எடை தவறு.

*தண்ணீர் பட்டால் வெளுக்கிறது.* ஊற்றிய மறுநாளே 24 மணி நேர நீர்ச்சோதனை செய்பவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். 7 நாள் காயவிட்டுச் செய்யுங்கள். அப்போதும் வெளுத்தால் டி.எம்.பி.ஏ. அதிகம், அல்லது குறுக்கிணைப்பான் (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பொருள்) வேண்டும். கார்போடைஇமைடு வகையை விரும்புகிறேன். அசிரிடின் வகை வேகமானது, நச்சும் அதிகம். எதைக் கலந்தாலும் அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்.

*மரத்தில் உரிகிறது.* தேக்கா என்று கேளுங்கள். தேக்கின் சொந்த எண்ணெய் நீர்வழிப் பூச்சைத் தள்ளும். அசிட்டோனால் துடைத்து உடனே அடித்துப் பாருங்கள். வேம்பிலும் உரிந்தால்தான் ரெசினைத் திரும்பிப் பார்க்க வேண்டும். தோலில் உரிந்தால் எங்கள் அறிவு அங்கே நிற்கிறது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்பது மேல்.

அறிகுறி 8: அதே பேட்ச், ஆளுக்கொரு எண்

திடப்பொருள் அளவு மாறினால், தட்டில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். 3 கிராம் குவித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். 1 கிராம், மேலே சில சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விட்டுப் பரப்பி, 105 டிகிரியில் எடை நிலைக்கும்வரை. என்.எம்.பி. போட்ட பழைய பேட்ச் என்றால் அது 202 டிகிரியில் கொதிப்பது. சீக்கிரம் போகாமல் எண்ணை ஏற்றிக் காட்டும்.

பாகுத்தன்மை மாறினால் வெப்பம். பி4 ஃபோர்டு கோப்பையில் காலை 8 மணிக்கு 41 நொடி, மதியம் 2 மணிக்கு 29 நொடி. இரண்டு ஆய்வாளரும் பொய் சொல்லவில்லை. மாதிரியையும் கோப்பையையும் 30 டிகிரித் தொட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். அதன் பிறகும் எண் ஏறினால், கோப்பையின் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முந்தைய மாதிரி காய்ந்து, வட்டத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு படலம் ஒட்டியிருக்கும். ஊசியால் சுரண்டாதீர்கள், துளை பெரிதாகிவிடும். அசிட்டோனில் இரவு முழுக்க ஊற வைத்து மென்துணியால் துடையுங்கள்.